முன்பணம் இல்லாதவர் பிள்ளைக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வீடு வாங்க அரசு தரும் மானியம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளை இல்லாதவர்களின் வரிப்பணம் பிள்ளை பெற்றவர்களுக்குப் போவது அநியாயம் என்கிறார் கட்டுரையாளர். பிள்ளை வளர்க்கும் பாரத்துக்குச் சமூகம் தோள் கொடுப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். என் குறை வேறு. அந்தப் பணம் பிள்ளை உள்ள எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்வதில்லை.

ஜெர்மனி 2018-இல் கொண்டுவந்த திட்டத்தைப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 யூரோ, 10 ஆண்டுகளுக்கு 12,000 யூரோ. ஆனால் வீட்டை வாங்கிக் குடிபோன பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிந்தது. முன்பணம், வரி, பதிவுச் செலவு எல்லாவற்றையும் சொந்தக் கையிலிருந்து கட்டி முடித்தவருக்கே முதல் தொகை வந்தது. ஒரு குழந்தை உள்ள குடும்பம் என்றால் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 90,000 யூரோ வரை இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். மானியம் இல்லாமலே வாங்கியிருக்கக் கூடியவர்கள் இதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் படிப்பதும் தூங்குவதும் ஒரே அறையில்தான். மாதம் தவறாமல் நாங்கள் கட்டும் வாடகையில் கடன் தவணையே கட்டிவிடலாம். இல்லாதது முன்பணம் மட்டும். இந்த மாதிரித் திட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. அதற்கான வரியை மட்டும் நாங்களும் கட்ட வேண்டும்.

ஹங்கேரி 2016-இல் இன்னும் ஒரு படி போனது. மூன்று பிள்ளைகள் இருந்தாலோ, பெற்றுக்கொள்வதாக உறுதி கொடுத்தாலோ புது வீட்டுக்கு 1 கோடி ஃபோரிண்ட் தந்தது. சொன்ன பிள்ளை பிறக்காவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் காத்திருந்து ஏமாறும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒப்பந்தம் எப்படிக் கனத்திருக்கும்! பிறக்காத பிள்ளையை அடமானம் வைக்கச் சொல்வதை நியாயம் என்று என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொன்று, மானியம் வருவது விற்பவருக்கும் தெரியும். வீடுகள் குறைவாக உள்ள ஊரில் அது விலையில் ஏறி, கடைசியில் அவர் கைக்கே போகிறது.

சிங்கப்பூரில் முதல்முறை வீடு வாங்குவோருக்கான மானியம் வருமானம் குறையக் குறையக் கூடுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் குடும்பங்களுக்கு 1,20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. வாங்கும்போதே அவர்களின் சேமநிதிக் கணக்கில் சேர்ந்து விலையில் கழிகிறது. பிள்ளைகளுக்கென்றே வந்த திட்டமல்ல, வாடகைக்காரருக்கும் அது இல்லை. ஆனாலும் குறைந்த வருமானத்துக்கு அதிக மானியம், வாங்கும்போதே பணம் என்ற அந்த இரண்டு ஏற்பாடுகளும் எனக்குச் சரியாகப் படுகின்றன.

பிள்ளைகளுக்காகத்தான் பணம் என்றால், வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் அதே தொகையை மாதாமாதம் தரட்டும். வேண்டுகிறவர்கள் அதைச் சேர்த்து வைத்து முன்பணமாகக் கட்டிக்கொள்வார்கள். இதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு வாசகர்