அலாரத்தை நிறுத்தும் கை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குரூப் 4 தேர்வுக்காக 21 நாள் சபதம் எடுத்தாய், விடியற்காலை நாலரைக்கு எழுந்து மூன்று மணி நேரம் படித்தாய், ஒன்பதாம் நாள் தூங்கிவிட்டாய். 'எனக்கு மனவுறுதி கிடையாது' என்று முடித்திருக்கிறாய். மனவுறுதி இருக்கட்டும், சபதமே கோணல்.

முதலில் அந்த 21. எந்தப் பழக்கமும் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்ற பேச்சை நம்பித்தானே சபதம் எடுத்தாய்? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. 2009-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 84 நாள் கவனித்தது. ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. (கவனித்தது 84 நாள்தான்; 254 என்பது அதிலிருந்து கணக்குப் போட்டு நீட்டிய எண்.) ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீ ஒன்பதாம் நாள் தூங்கியதில் ஒன்றும் கெடவில்லை. பத்தாம் நாள் 'எல்லாம் போச்சு' என்று புத்தகத்தை மூடினாயே, அங்கேதான் கெட்டது.

அடுத்தது அலாரம். போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அலாரத்தை நிறுத்துகிற கட்டைவிரல் அப்படியே ரீல்ஸைத் திறக்கிறது. அதுவும் பழக்கம்தான்; உன் படிப்பைவிட நன்றாக ஊறியது. கலிஃபோர்னியாவில் வெண்டி வுட் என்ற உளவியலாளரின் குழு, தியேட்டருக்கு வந்தவர்களுக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்ன் கொடுத்துப் பார்த்தது. படம் பார்த்தபடி கொறித்தே பழகியவர்கள், நமுத்துப்போனதையும் புதுசு அளவுக்கே தின்றார்கள். பழகாத கையால் சாப்பிடச் சொன்னதும் அளவு குறைந்தது. பிடிக்காவிட்டாலும் கை போகும். வழியில் ஒரு சின்ன இடறல் இருந்தால் நிற்கும். அதனால் போன் ராத்திரி ஹாலில் டிவி ஸ்டாண்டில் இருக்கட்டும். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்.

நாலரை மணியும் வேண்டாம். தேர்வே காலை 9.30-க்குத்தான். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒன்றைப் பிடித்து, அதன் வாலில் படிப்பைக் கட்டு. 'காபி குடித்த பிறகு' என்று வைத்தால் போதாது; காபி பேப்பரில் போய், பேப்பர் அரட்டையில் போய் முடியும். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறாய் அல்லவா, அந்தச் சத்தம்தான் உன் மணி. கவிழ்த்ததும் நேராக மேஜை. முந்தின ராத்திரியே புத்தகம் அந்தப் பக்கத்தில் விரித்து, மேலே பேனா வைத்திருக்க வேண்டும். எந்தப் பாடம் என்று காலையில் தேட ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பத்தே கேள்வி. தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். எனவே முதலில் தமிழிலிருந்து எடு. போட்டு முடித்த கையோடு விடையைச் சரிபார்த்து மதிப்பெண் போட்டுக்கொள். அந்தச் சின்னத் திருப்திதான் நாளைக்கு உன்னை மேஜைக்கு இழுக்கும். வாரக் கடைசியில் மொத்தமாகத் திருத்தினால் அது வராது. ஆசை வந்தால் மேலே படி, ஆனால் இரண்டு வாரத்துக்குக் கணக்கு பத்துதான். மூன்றாம் நாளே ஐம்பதாக்குவது எல்லோரும் செய்யும் தப்பு. காய்ச்சல் என்றால் இரண்டு கேள்வி போதும், ஆனால் அதே மேஜையில்.

வெளியூர் போனால் டம்ளரும் இல்லை, மேஜையும் இல்லை. பழக்கம் அறுவது பெரும்பாலும் கல்யாண வீட்டில்தான். பஸ் ஏறுமுன்பே ஒரு வரி எழுதிக்கொள்: 'பல் தேய்த்ததும், வாசல் படியில், ஐந்து கேள்வி.'

குறித்துவைக்கத் தனி ஆப் வேண்டாம், அது உன்னைத் திரும்பப் போனுக்கே கூட்டிப்போகும். சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதே, பத்து கேள்வி முடித்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். இதை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. எழுந்ததும் முதல் வேலையாகத் தாள் கிழிப்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம்.

அன்புடன்,
அண்ணன்