டேக் வைக்கும்போது கண்ணை மூடினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனைப் பார்த்தேன். சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தன. வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்க்க முடியாமல் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே நின்றான். "ராத்திரி ஒரு மணிக்குத் தொடங்கியது அண்ணே. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. அறையில் இருந்தவர்கள் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக் கட்டினார்கள்" என்றான். வெல்டிங் செய்யும்போது முகத்தை மறைக்கும் ஷீல்டு போடவில்லையா என்று கேட்டேன். "டேக் வைப்பதற்கு ஷீல்டு எதற்கு, கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்." டேக் என்பது, முழு வெல்டிங்குக்கு முன் இரும்புத் துண்டுகள் நகராமல் இருக்க அங்கங்கே வைக்கும் சிறு வெல்டிங்.

அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகும் மனம் ஆறவில்லை. நான் இங்குள்ள கப்பல் பட்டறைகளில் ஹெல்ப்பராகத் தொடங்கி, வெல்டராகி, இப்போது வெல்டிங் பரிசோதகராக இருப்பவன். இருபத்தாறு ஆண்டுகளாக இதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெல்டிங் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்படலத்தைச் சுட்டுவிடும். சுடும்போது வலிக்காது. பல மணி நேரம் கழித்து, விடுதியில் படுத்த பிறகுதான் வலி எடுக்கும். அதனால்தான் புதிதாக வருகிற பையன்களுக்குப் பகலில் செய்த தவறும் இரவில் வரும் வலியும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. நாம் இமையை மூடுவதற்குள் ஒளி அடித்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் அடிக்கும் ஒளி நாம் திறக்கிற நேரத்தில் வந்து தாக்குகிறது. ராடு எனும் பூச்சுக் கம்பியை உருக்கி ஒட்டும் வெல்டிங்குக்குக் கருமையில் பத்தாம் எண்ணோ அதற்கு மேலோ உள்ள கண்ணாடி வேண்டும். கேஸ் கட்டிங்குக்குப் போடும் ஐந்தாம் எண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேக் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கு குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். மருத்துவரிடம் போக வேண்டும்.

கண் கெடுவது ஒரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு வைத்த டேக் எங்கே விழுந்தது, சரியாக உருகிப் பிடித்ததா என்று வைத்தவனுக்கே தெரியாது. அந்த டேக் அங்கேயே கிடக்கும். அதன்மேல் ரூட் என்ற அடி வரி ஓடும், அதன்மேல் இடத்தை நிரப்பும் ஃபில்லிங், அதன்மேல் கேப் என்ற அழகான மேல் வரி. உள்ளே இருக்கும் குறை மூடப்பட்டுவிடும். வெல்டிங் பழகும் பையனுக்குப் பாதுகாப்பை ஒரு நாளும் பரிசோதனையை இன்னொரு நாளும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கையை நீட்டும் முன் பார்ப்பது, கையை எடுத்த பின் பார்ப்பது.

எனக்கு இது விளங்கியது ஓர் எக்ஸ்ரே ஃபிலிமால். 6ஜி என்ற குழாய் வெல்டிங் சோதனையில் தேறி, 45 பாகை சாய்ந்த குழாயைச் சுற்றி அடிக்கத் தெரிந்துவிட்டது என்று தலை நிமிர்ந்து நடந்த காலம். நான் அடித்த ஒரு குழாய் ரிப்பேர் என்று வந்தது. மேலே பீடு, அதாவது வெல்டிங் வரி, மீன் செதில்போல் வரிசையாக இருந்தது, எனக்கு ஆத்திரம். அங்கிருந்த பரிசோதகர், நல்ல வயதான மலையாளி, என்னைத் திட்டவில்லை. தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப்போய், வெளிச்சப் பெட்டியின்மேல் ஃபிலிமை வைத்தார். வெளுத்த பட்டையின் நடுவே கறுப்பாக ஒரு கோடு, சுண்டுவிரல் நீளம். பக்கத்தில் மிளகைச் சிதறியதுபோல் புள்ளிகள். "கோடு ஸ்லாக், புள்ளி காற்று. இந்த இடத்தில் நீ ராடு மாற்றினாய், சரியாகச் சுரண்டாமல் மேலே போய்விட்டாய்" என்றார். ஸ்லாக் என்பது ராடின் பூச்சு உருகி உறையும் கசடு; காற்று என்றது உள்ளே சிக்கிய குமிழிகளை. நான் ராடு மாற்றிய இடம் அதேதான். அதுவரை என் வேலையை நான் மேலே மட்டும் பார்த்திருந்தேன். அன்று முதல் ஒவ்வொரு ரன்னையும், அதாவது ஒவ்வொரு வரியையும், சுத்தியலால் தட்டி, பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கினேன்.

எத்தனை வெல்டர்களுக்கு அவர்களுடைய ஃபிலிமைக் காட்டுகிறார்கள்? ரிப்பேர் எண்ணிக்கையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பையனுக்குப் பரிசோதகர் எதிரியாகத் தெரிகிறார்.

ராடு விஷயமும் இப்படித்தான். 7018 என்ற வகை ராடைச் சூடான குடுவையில் வைத்திருக்கச் சொல்வது ஏன் என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. மழையும் புழுக்கமும் ஓயாத ஊர் இது. திறந்து போட்ட ராடின் பூச்சு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போகும். இரும்பு ஆறிய பிறகு விரிசல் விடும். தடித்த, உறுதி மிகுந்த எஃகில் 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்வது அந்தத் தாமத விரிசலைப் பிடிக்கத்தான். காரணம் தெரிந்தவன் குடுவையை மூடி வைப்பான். தெரியாதவன் மேற்பார்வையாளர் பார்க்கும்போது மட்டும் மூடுவான்.

இனி, கப்பலின் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வது பற்றி. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் 'ஸ்பைரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பலில் 76 பேர் இறந்தார்கள். வெட்டும் டார்ச்சின் தீ, எரிபொருள் தொட்டிக்குள் சேர்ந்திருந்த ஆவியைப் பற்றவைத்தது. இந்நாடு கண்ட ஆக மோசமான வேலையிட விபத்துகளில் ஒன்று அது. இன்று தொட்டி வாசலில் தொங்கும் அனுமதிச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும் எண்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எரிவாயு, தீப்பிடிக்கும் அளவின் கீழ் எல்லையில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் மயக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினால் ஆபத்து என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆக்சிஜன் ஹோஸ் கசிந்த தொட்டியில் ஒரு பொறி விழுந்தால் உடுத்தியிருக்கும் துணி காகிதம்போல் பற்றிக்கொள்ளும். சாப்பிடப் போகும்போது ஹோஸை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது அதற்காகத்தான். அந்தத் தம்பியிடம் கேட்டேன். அனுமதிச் சீட்டைத் தினமும் பார்க்கிறானாம். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பானாம்.

ஊரில் வெல்டிங் பயிற்சி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: 3ஜி, 4ஜி எனும் செங்குத்து, தலைமேல் நிலைகளில் பிளேட் அடிக்கப் பழக்கும்போதே, பையன் அடித்த பிளேட்டை அவன் கண் முன்னாலேயே அறுத்தும் வளைத்தும் காட்டுங்கள். ஒடிந்த இடத்தை அவனே தொட்டுப் பார்க்கட்டும். இங்குள்ள நிறுவனங்கள் அனுமதிச் சீட்டைத் தமிழிலும் வங்காளத்திலும் அச்சிட்டு வாசலில் ஒட்டலாம், பெரிய செலவில்லை. உங்கள் இதழும் வாரம் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்கினால், எழுதித் தர என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். விடுதிகளில் ஒரு தாளைப் பத்துப் பேர் படிக்கிறார்கள்.

என் போன்ற மூத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கண்ணை மூடிக்கொள், போதும்" என்று அந்தத் தம்பிக்குச் சொன்னது நம்மில் ஒருவர்தான். தயவுசெய்து அதை இனிச் சொல்லாதீர்கள்.

தம்பியின் கண் இப்போது தேவலை. வரும் ஞாயிறு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வெல்டிங்கை அளக்கும் கேஜ் ஒன்று, டார்ச் ஒன்று, நல்லதும் கெட்டதுமாக நான்கு வெல்டிங் துண்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன். எது கெட்டது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் பரிசோதகர் ஒருவர்,
உட்லண்ட்ஸ்