சர்வீஸ் ரிமைண்டர் தவணையைத் தப்பாக மாற்றி வைத்தது – சரிசெய்து தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம்

ஐயா,

வணக்கம். போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். வண்டி எண், சேசிஸ் எண், ஜாப் கார்டு, பில் நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். வண்டி உங்களுடையது, மீட்டர் உங்களுடையது, அதில் இருக்கும் சாஃப்ட்வேரும் உங்களுடையது. அதனால் விவரம் சொல்ல வேண்டியது நானில்லை, நீங்கள்தான்.

தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் வருட சர்வீஸுக்கு விட்டபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அடுத்த சர்வீஸை மீட்டரில் நினைவூட்டும் ரிமைண்டர் 15,000 கி.மீ. என்று இருக்கிறது, அதை 10,000 ஆகக் குறைத்துக் கொடுங்கள் என்று. காரணமும் சொன்னேன். என் ஓட்டமெல்லாம் வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு. என்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவேன். பிஎஸ்-6 டீசல் வண்டியில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஓட்டம் வேண்டும். பாதியில் நிறுத்தினால் டீசல் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. குறுகிய ஓட்டமும் புழுதியும் இருந்தால் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லி உங்கள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறீர்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே லேப்டாப்பைச் செருகினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாவி போட்டால் அடுத்த சர்வீஸ் 30,000 கி.மீ., 730 நாள் என்று காட்டுகிறது! குறைக்கச் சொன்னவனுக்கு இரண்டு மடங்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நிலையான தவணையிலிருந்து, ஓட்டத்தைப் பொறுத்து மாறும் ஃப்ளெக்ஸிபிள் தவணைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. அதற்குத் தனித் தர ஆயில் வேண்டும். பில்லில் எழுதியிருக்கும் ஆயில் அது இல்லை.

திரும்பக் கொண்டுபோனேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது எனக்குத்தான் தெரியும். என்ஜின் மாற்றுவதற்கு ஒரு தடவை, சரக்கு ரயிலுக்கு ஒரு தடவை என்று ரயில்வே கேட் மூடியே கிடந்தது. போய்ச் சேர்ந்தால் அங்கிருந்த அட்வைசர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மீட்டரைப் பார்க்கக்கூட வரவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? டைரில குறிச்சு வச்சுக்கோங்க. வண்டி ஓட்டத் தெரிஞ்சா போதும், மத்ததை நாங்க பாத்துக்குவோம்" என்றார். என் மருமகன் பக்கத்தில் நிற்கிறார். நான் அறுபதைத் தாண்டியவன். ஊரில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அந்த ஆள் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்றைக்குத்தான் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தேன். மதியம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் இழுத்து மூட ஆளில்லை. முளைவிட்ட நெல்லை யார் எடுப்பார்கள்? ஒரு போகமே போய்விட்டது ஐயா. இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அப்புறம் சாஃப்ட்வேர் லைசென்ஸ் முடிந்துவிட்டது, திருச்சிக்குப் போங்கள் என்றார்கள். திருச்சியில், எங்கே சர்வீஸ் செய்தீர்களோ அங்கேயே போங்கள் என்றார்கள். உங்கள் கால் சென்டரில் பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளே "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. எதைத் தீர்த்தீர்கள்? மீட்டர் இன்னும் அதே 30,000-இல்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதையும் சொல்ல வேண்டும், அந்த அட்வைசர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "வெளியில யாராவது லேப்டாப் போட்டா வாரண்டி போயிடும் சார்." நீங்களும் செய்ய மாட்டீர்கள், வெளியிலும் செய்யக் கூடாது என்றால் நான் என்னதான் செய்வது?

தயவுசெய்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாரண்டி புத்தகத்தில் 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று இருக்கிறது. மீட்டர் 30,000 என்கிறது. வண்டியை நான் மட்டும் ஓட்டுவதில்லை, மகளும் ஓட்டுகிறாள். மீட்டரை நம்பி 22,000-இல் டர்போ போனால், சர்வீஸ் தவறிவிட்டது என்று கை விரிப்பீர்கள்தானே? ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி இது.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பில் மீட்டருக்குரிய பகுதியில் போய்க் கிலோமீட்டர் மதிப்பையும் நாள் மதிப்பையும் மாற்றிச் சேமித்தால் முடிந்தது. தெரிந்த டெக்னீஷியனையும் லேப்டாப்பையும் என் வீட்டுக்கே அனுப்புங்கள். இனி தஞ்சாவூருக்கு நான் வண்டியைக் கொண்டு வர மாட்டேன். மாற்றிய பிறகு மீட்டரைப் படம் எடுத்து, ஜாப் கார்டில் 10,000 என்று எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும். இதுவரை போய்வந்த டீசல் செலவையும் தர வேண்டும்.

உங்கள் மேல் இன்னும் மரியாதை வைத்திருப்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் வரும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த அட்வைசர் பெயரும் மனுவில் இருக்கும்.

பதில் எழுத்தில் வேண்டும். போனில் சொல்லும் எதையும் ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொரடாச்சேரி ஒன்றியம், திருவாரூர் மாவட்டம்