வாழைத்தண்டு நாரும் முழங்காலும்

ரங்கூன்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். என் முழங்காலும் அப்படித்தான் இருக்கிறது. தேநீர்க்கடையின் குட்டி முக்காலியில் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். காளி கோயிலில் எல்லாரும் தரையில் அமர, நான் மட்டும் நாற்காலி தேடுகிறேன்.

எடையைக் குறையுங்கள் என்றுதான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். உடம்பின் பாரத்தால் மூட்டு தேய்கிறது என்பதற்கு மேல் நானும் யோசித்ததில்லை. போன வாரம் பேத்தி ஓர் ஆராய்ச்சியை விளக்கிச் சொன்னாள். அன்று முதல் அதே நினைப்பாக இருக்கிறேன்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்டது. சுண்டெலிகளுக்கு 12 வாரம் கொழுப்புத் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து, முழங்காலில் காயம் உண்டாக்கினார்கள். குருத்தெலும்பு மளமளவென்று அழிந்தது. குடலில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா குறைந்து, அழற்சியைத் தூண்டும் வகைகள் பெருகியிருந்தன. அந்த அழற்சி குடலோடு நிற்காமல் மூட்டு வரை போயிருந்தது. வேறு சில எலிகளுக்கு அதே தீனியுடன் ஒலிகோஃபிரக்டோஸ் என்ற நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எலிக்கு அது செரிக்காது. நல்ல பாக்டீரியாவுக்கோ அதுதான் சாப்பாடு. அவற்றின் எடை குறையவே இல்லை. ஆனால் குருத்தெலும்பு, ஒல்லியான எலிகளுக்கு இருப்பதைப் போலவே ஏறத்தாழ இருந்தது!

எடை குறையாமலே மூட்டு தப்பியிருக்கிறது, மரகதம். இத்தனை வருடம் வலியோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமந்தோமே!

மனிதர்களிடமும் தேடியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1,400 பேருக்கு மேல் மலத்தைச் சோதித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா மிகுந்தவர்களிடம் முழங்கால் வலியும் கூடுதலாக இருப்பதை 2019-இல் எழுதினார்கள். எதனால் எது வந்தது என்பது அதில் தெளியவில்லை. எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. காலை நடையையும் விடாதே.

வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் மூன்றிலும் அந்த நார்ச்சத்து உண்டாம். நார் என்றதும் உன் நினைவுதான் வந்தது. நேற்று மொஹிங்கா மீன்சாற்றுக்கு வாழைத்தண்டு நறுக்கினேன். வில்லை வில்லையாக அரிந்து, இழுபடும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். 1964-இல் நீ கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள், உன் அம்மா தண்டு அரிய, நாம் அந்த நாரையே மோதிரமாகச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தோம். அன்று எவ்வளவு நேரம் சம்மணமிட்டிருந்தோம்!

மருத்துவரிடம் குடலைப் பற்றியும் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுது.

உன்,
செல்லம்மா