அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்த சகோதரிக்கு நன்றி

இயேசுவில் அன்புள்ள அருட்சகோதரிகளுக்கும், நம் கோவிலைச் சேர்ந்த சமூகமாகிய நம் பங்கின் எல்லா மொழிக் குடும்பங்களுக்கும்,

அம்மா நோயுற்று எங்களைவிட்டுப் பிரிந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றி சொல்வதை மட்டும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் அளித்த பங்குத்தந்தை, மருத்துவமனையில் முறைவைத்துக் கண்விழித்த இளைஞர்கள், அடக்கத் திருப்பலியில் மொழி பாராமல் சேர்ந்து பாடிய பாடகர் குழுவினர், அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஞாயிறுதோறும் அம்மாவுக்குத் திருப்பலி அப்பமாகிய நற்கருணையைக் கொண்டுவந்த சிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குருக்கள் அல்லாதவர்களும் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கத் திருச்சபை 1973இல் வழி திறந்தது. அதன் அருமை எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"யாருக்கும் உதவாமல் கிடக்கிறேனே, சிஸ்டர்" என்று அம்மா ஒருநாள் அழுதார். சிஸ்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பங்கில் நோயுற்றவர்கள், வேலை தேடுபவர்கள், நிறைமாதப் பெண்கள் என்று அவரவர் சம்மதத்துடன் எழுதிய பெயர்கள். "இவர்களுக்காக நீங்கள்தான் செபமாலை சொல்ல வேண்டும், அம்மா. 15 வயதில் மடத்துக்குள் போன புனித குழந்தை தெரசாள், 24 வயதில் இறக்கும்வரை வெளியே வரவேயில்லை. உள்ளிருந்தே செபித்த அவரைத்தானே 1927இல் மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலி ஆக்கினார்கள்!"

அந்தப் பெயர்களில் பாதிக்கு மேல் நாங்கள் அறியாதவை. நம் பங்கில் ஒவ்வொரு மொழிக்கும் தனித் திருப்பலி, தனிச் சங்கம். கோவில் வாசலில் புன்னகைப்போம். அடுத்தவர் வீட்டுப் படி ஏறியதில்லை. எல்லாப் படிகளையும் ஏறுகிறவர்கள் சகோதரிகள் மட்டுமே. அவர்களும் வெவ்வேறு மொழிகளில் பிறந்து, ஒரே கூரையின் கீழ் செபித்து உண்டு வாழ்கிறவர்கள்.

பிறகு வந்த ஞாயிறுகளில் சிஸ்டர் உள்ளே நுழைந்ததும், "அந்தப் பையனுக்கு வேலை கிடைத்ததா? அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்றா?" என்றுதான் அம்மா கேட்பார். தம் வலியைச் சொல்ல மறந்தே போனார்.

அம்மாவின் உடலருகே வேற்றுமொழிக் குடும்பங்கள் வந்து நின்று அழுதபோது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. தங்களுக்காக யார் செபிக்கிறார் என்பதைச் சிஸ்டர் அவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

பல மொழியினர் உள்ள பங்கில் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுத் திருப்பலி வைக்கிறோம், நல்லதே. மற்ற நாள்களில் நம்மைச் சேர்த்து வைப்பது இந்தச் சகோதரிகளின் நடைதான். எந்த வீட்டில் என்ன கவலை என்பதை அறிந்த அவர்களைக் கேட்டுவிட்டுப் பங்குப் பேரவை முடிவெடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். பிப்ரவரி 2, துறவியருக்கான அர்ப்பண வாழ்வு நாளில் ஒரு பூங்கொத்து கொடுப்பதோடு நம் கடன் தீர்ந்துவிடாது.

சிஸ்டர், அந்தக் காகிதத்தை இனி என்னிடம் கொடுங்கள். அம்மா விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். வரும் ஞாயிறு முதல் வீடுகளுக்கு உங்களுடன் நடக்கவும் வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பங்கின் மகள்