கஜதானந்தனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

வணக்கம். நாடகத் தணிக்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நாடகங்களைத் தடை செய்ய வெள்ளைக்கார அரசு 1876ஆம் ஆண்டு கொண்டுவந்த நாடகச் சட்டத்துக்கு ‘நீல்தர்ப்பண்’ என்ற வங்காள நாடகமே காரணம் என்கிறது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவுரித் தோட்டத் துரைமார்களைச் சாடிய அந்த நாடகம் கல்கத்தாவில் மேடையேறியது 1872இல். அரசுக்கு அதன்மேல் எரிச்சல் இருந்தது உண்மை. ஆனால் பொறுமை போனது ஒரு குட்டிப் பிரகசனத்தால், அதாவது கேலி நாடகத்தால்.

1875 டிசம்பர் கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தார். 1876 ஜனவரியில் ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப் போனார். அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் சங்கு ஊதிக் குலவையிட்டு வரவேற்றார்கள். ஊர் கொதித்தது. அடுத்த மாதமே கிரேட் நேஷனல் தியேட்டரார், பெரிய நாடகம் முடிந்ததும் வால் போல ஒட்டி, ‘கஜதானந்தனும் இளவரசரும்’ என்று ஒரு கேலிக்கூத்துப் போட்டார்கள். முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான்!

போலீஸ் தடுத்தது. ‘அனுமான் சரித்திரம்’ என்று பெயர் மாற்றிப் போட்டார்கள். அதையும் விடவில்லை. பிறகு கேலிக்குப் போலீசையே பிடித்துக்கொண்டார்கள். கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரிண்டெண்ட் பெயர் லாம்ப். ஆங்கிலம் தெரிந்த காதுக்கு ஒன்று பன்றி, மற்றது ஆட்டுக்குட்டி. ‘பன்றியும் ஆடும் சேர்ந்த போலீஸ்’ என்ற பொருளில் அடுத்த பிரகசனத்துக்குத் தலைப்பு வைத்தார்கள். எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

வைஸ்ராய் நார்த்புரூக்குக்குச் சிரிப்பு வரவில்லை. பிப்ரவரி 29 அன்றே இப்படிப்பட்ட நாடகங்களைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டுவிட்டார். மார்ச்சில் அந்தத் தியேட்டரின் இயக்குநர் உபேந்திரநாத் தாசும் அமிர்தலால் பாசுவும் கைதானார்கள். வழக்கோ பிரகசனத்தின் மேல் இல்லை, ‘சுரேந்திர-பினோதினி’ என்ற வேறொரு நாடகத்தில் ஆபாசம் என்று! கீழ்க்கோர்ட் ஒரு மாதச் சிறை விதித்தது; ஹைகோர்ட் விடுதலை செய்தது. டிசம்பரில் நிரந்தரச் சட்டமே வந்துவிட்டது.

அந்தச் சட்டம் 2018 வரை ஏட்டில் இருந்தது. எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்து 1954இல் சென்னை அரசு கொண்டுவந்த சட்டமும் அதன் வாரிசுதான். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கட்டுரையில் இதுவும் இல்லை.

கட்டுரை நூலாக வந்தால் கஜதானந்தனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய நாடக ரசிகர்,
கும்பகோணம்.