கடைசி எபிசோடைத் திட்டும் முன் கடைசி சீசனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகள் ஓடிய நகைச்சுவைத் தொடர் ஒன்று முடியும்போதெல்லாம் மறுநாளே இரண்டு விதமாகச் செய்தி வருகிறது. 'ரசிகர்கள் கண்ணீருடன் விடை கொடுத்தனர்' என்று ஒன்று. 'இறுதிப் பகுதி சொதப்பல், ரசிகர்கள் கொதிப்பு' என்று இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கும். ஆனால் ஏன் இப்படிப் பிரிந்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. ரசிகர்களை எப்படித்தான் திருப்திப்படுத்துவது என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். இது ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம். பெரும்பாலான புகார்களுக்கு வேர் கதையமைப்பில் இருக்கிறது. நிமிடக் கணக்குப் போட்டாலே அதைப் பிடித்துவிடலாம்.

இதற்கு அமெரிக்கத் தொடரான 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' போல வசதியான உதாரணம் வேறு இல்லை. 2005 முதல் 2014 வரை 9 சீசன், 208 எபிசோடு. 2014 மார்ச் 31 அன்று ஒளிபரப்பான அதன் முடிவைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. டெட் தன் பிள்ளைகளிடம் அவர்களுடைய அம்மாவைச் சந்தித்த கதையை 9 ஆண்டுகளாகச் சொல்கிறான். கடைசியில் அந்த அம்மா டிரேசி நோயில் இறந்து போயிருக்கிறாள் என்று தெரிகிறது. பிள்ளைகளே, டெட்டின் நெடுநாள் தோழியும் முன்னாள் காதலியுமான ராபினைக் குறித்து, 'நீங்கள் ராபின் ஆன்ட்டியைத்தானே விரும்புகிறீர்கள், போங்கள்' என்று அனுப்பி வைக்கிறார்கள். முதல் எபிசோடில் திருடிக்கொண்டு போன அதே நீல நிற ஃபிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகருவியோடு அவன் ராபின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கிறான்.

'அம்மாவைக் கொன்றுவிட்டார்களே' என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் புகார் நிற்காது. அவள் இறக்கப்போகிறாள் என்பதற்கு எட்டாவது சீசனிலிருந்தே தடயம் வைத்திருக்கிறார்கள். டிரேசியைச் சந்திக்க இன்னும் 45 நாள் இருக்கிறது, அந்த 45 நாளும் எனக்கு வேண்டும் என்று டெட் மனதுக்குள் மன்றாடும் காட்சி ஒன்று. ஒன்பதாவது சீசனில், எந்தத் தாயாவது மகளின் திருமணத்துக்கு வராமல் இருப்பாளா என்று டிரேசி சாதாரணமாகக் கேட்க, டெட்டின் கண் கலங்கும் காட்சி இன்னொன்று. ராபின் பக்கம் போவதும் திடீர் முடிவல்ல. முதல் எபிசோடே, இந்தப் பெண்தான் அம்மா என்று நம்மை நம்பவைத்துவிட்டு, இது ராபின் ஆன்ட்டியைச் சந்தித்த கதை என்று சொல்லித்தான் முடிந்தது. ஆக, என்ன நடந்தது என்பதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை.

கோளாறு இருப்பது கால ஒதுக்கீட்டில். ஒன்பதாவது சீசனில் 24 எபிசோடு. முதல் 22 எபிசோடுகளின் நிகழ்காலம் ஒரே ஒரு வார இறுதி: டெட்டின் நண்பன் பார்னிக்கும் ராபினுக்கும் நடக்கப்போகும் கல்யாணம். மீதி இரண்டு எபிசோடு, விளம்பரம் போக ஏறத்தாழ 44 நிமிடம், 2013 முதல் 2030 வரை 17 ஆண்டுகளைச் சொல்கிறது. ஒரு சீசன் முழுக்க இழுத்துக் கட்டிய கல்யாணம், அடுத்த எபிசோடிலேயே மூன்றே ஆண்டில் விவாகரத்தாகிவிடுகிறது. பார்னி, பெண்கள் பின்னால் சுற்றும் பழைய பார்னியாகத் திரும்பி, பிறகு ஒரு குழந்தைக்கு அப்பாவாகி மீண்டும் மாறுகிறான். டிரேசியின் நோய்க்கு ஒரு மருத்துவமனைப் படுக்கை, சில வாக்கியங்கள், அவ்வளவுதான். அவள் இறந்தது 2024இல், டெட் ராபினிடம் போவது 2030இல். அவனுக்கு 6 ஆண்டு ஆறுதல் கிடைத்திருக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைத்ததோ சில நிமிடம். கோபம் பிறந்த இடம் அதுதான். துக்கத்துக்கு இடம் விட்டிருந்தால் அதே முடிவை இன்னும் நிறையப் பேர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கும் திட்டவட்டமான காரணம் உண்டு. பிள்ளைகளாக நடித்த இருவரும் வளர்ந்துவிடுவார்கள் என்பதால், முடிவுக்கான அவர்களுடைய காட்சியை இரண்டாவது சீசன் சமயத்தில், 2006இலேயே ரகசியமாகப் படம்பிடித்து வைத்துவிட்டார்கள். தொடர் எப்போது நின்றாலும் கைவசம் ஒரு முடிவு இருக்கட்டும் என்ற முன்யோசனை அது. ஆனால் தொடர் எதிர்பார்த்ததைவிட நீண்டது. பார்னி, ராபின் ஜோடியை எழுத்தாளர்களே பல சீசன்களாக ஊட்டி வளர்த்தார்கள். எட்டாவது சீசனின் கடைசியில் முகம் காட்டிய கிறிஸ்டின் மிலியோட்டி, டிரேசியாக ஒரே சீசனில் எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பக்கத்திலிருந்து கதை சொன்ன 200ஆவது எபிசோடைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கதை இவ்வளவு தூரம் நகர்ந்த பிறகும், பெட்டியில் இருந்த 2006ஆம் ஆண்டுக் காட்சியோடு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். அந்த ஓட்டம்தான் கடைசி 44 நிமிடம்.

இதற்கு ஆதாரம் வேறெங்கும் தேட வேண்டாம். அதே 2014இல் வெளியான டிவிடியில் மாற்று முடிவு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதில் மரணம் இல்லை. ரயில் நிலையத்தில், மழையில், டிரேசியின் மஞ்சள் குடையோடு டெட்டும் அவளும் சந்திக்கும் இடத்திலேயே கதை நின்றுவிடும். பெரும்பகுதி ஏற்கெனவே எடுத்த காட்சிகள்தான். வெட்டும் இடமும் பின்னணிக் குரலும்தான் மாறின. அதைப் பார்த்துவிட்டு 'இதுதான் எங்கள் முடிவு' என்று சொன்ன ரசிகர்கள் ஏராளம். தனிப்பட்ட முறையில் எனக்கு ஒளிபரப்பான முடிவில்தான் கனம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் மற்றவர்கள் ஏன் குடையோடு நின்றுகொள்ள விரும்பினார்கள் என்பதை அந்த டிவிடி தெளிவாகவே காட்டிவிடுகிறது.

'சைன்ஃபெல்ட்' தொடரின் முடிவு வேறு விதமான சறுக்கல். 1998 மே 14 அன்று அமெரிக்காவில் சுமார் 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள். நான்கு நண்பர்களும் ஒருவர் கொள்ளையடிக்கப்படுவதை வேடிக்கை பார்த்துச் சிரித்ததற்காகக் கைதாகி, விசாரணை நடந்து, ஓராண்டுச் சிறைக்குப் போகிறார்கள். 'எங்களைச் சிரிக்க வைத்தவர்களைத் தண்டித்துவிட்டார்கள்' என்று ஒரு தரப்பு கொந்தளித்தது. கட்டிப்பிடிப்பதும் கிடையாது, பாடம் கற்பதும் கிடையாது என்பதுதானே இந்தத் தொடரின் கொள்கை, சிறையிலும் அவர்கள் திருந்தவில்லையே, இது பொருத்தமான முடிவுதான் என்றது இன்னொரு தரப்பு. கொள்கை அளவில் இரண்டாம் தரப்பு சொல்வதே சரி. சிறையில் ஜெர்ரியும் ஜார்ஜும் சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுவது 1989ஆம் ஆண்டின் முதல் எபிசோடில் வந்த பேச்சேதான்.

ஆனாலும் அந்த எபிசோடு ஏன் சோர்வாக இருக்கிறது? அந்தத் தொடரின் பலமே பின்னல். நான்கு பேருக்கும் தனித்தனிக் கதை ஓடும், கடைசி ஓரிரு நிமிடத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அந்த மோதலில்தான் பெரிய சிரிப்பு. இறுதி எபிசோடில் நான்கு பேரும் ஒரே விமானத்தில், ஒரே தெருவில், ஒரே கூண்டில். பின்னுவதற்கு இழையே இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய எபிசோடுகளில் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஒவ்வொரு சாட்சியும் பழைய நகைச்சுவை ஒன்றை ஞாபகப்படுத்திவிட்டுப் போகிறார், புதிதாக ஒன்றையும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, அதற்கு முன்னால்தான் பழைய காட்சிகளின் தொகுப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அன்று இரவு முழுவதும் பார்த்தவர்கள் பழைய சிரிப்பையே இரண்டு முறை கேட்டார்கள். அந்த முடிவை எழுதிய லாரி டேவிட், 2024 ஏப்ரலில் முடிந்த தன் இன்னொரு தொடரான 'கர்ப் யுவர் எந்தூசியாசம்' கடைசி எபிசோடில் மறுபடியும் ஒரு நீதிமன்றத்தையும் ஒரு சிறையையும் கொண்டுவந்தார். இந்த முறை வழக்கே செல்லாது என்றாகி வெளியே வருகிறார். அழைத்துப் போக வருபவர் பழைய தொடரின் நாயகன் ஜெர்ரி சைன்ஃபெல்ட். 'சைன்ஃபெல்ட்' தொடரையும் இப்படித்தான் முடித்திருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். 26 ஆண்டுகள் கழித்து.

ஒரே எபிசோடுக்குள் நல்லதும் கெட்டதும் கலந்திருப்பதற்கு 2019 மே மாதம் முடிந்த 'தி பிக் பேங் தியரி'யைப் பார்க்கலாம். நண்பர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் 12 சீசனாக ரிப்பேராகவே கிடந்த லிஃப்டின் கதவு யாரும் எதிர்பாராத நேரத்தில் திறந்து, நாயகி பென்னி வெளியே வருகிறாள். ஒரு வசனம் தேவையில்லை. 279 எபிசோடுகளில் படியேறியதையெல்லாம் பார்த்த ரசிகருக்கு அது போதும். அதே எபிசோடில் பென்னி கர்ப்பம் என்ற செய்தியும் வருகிறது. தனக்குக் குழந்தை வேண்டாம் என்று அதே சீசனில்தான் அவள் உறுதியாகச் சொல்லியிருந்தாள். அவள் எப்போது, ஏன் மனம் மாறினாள் என்பதற்கு ஒரு காட்சி கூட இல்லை. லிஃப்டுக்கு 12 ஆண்டு முன்தயாரிப்பு இருந்தது, கர்ப்பத்துக்கு 12 நிமிடம் கூட இல்லை. எதிர்வினை கலவையாக வந்ததில் என்ன ஆச்சரியம்?

பரவலாகப் பாராட்டப்படும் முடிவுகளைப் பார்த்தால் அவை சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொடரின் அடிப்படை விதியை மதித்திருப்பது தெரியும். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் கதை. என்ன கலவரம் நடந்தாலும் முடியும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். இதுதான் பார்ப்பவரோடு தொடர் போட்ட ஒப்பந்தம். இறுதி எபிசோடு அதை எப்படியும் மீறியாக வேண்டும். எவ்வளவு மீறுகிறது என்பதில்தான் சூட்சுமம். 1993இல் முடிந்த 'சியர்ஸ்' ஏறக்குறைய மீறவே இல்லை. பழைய காதலி டயான் வந்தாள், போனாள், நாயகன் சாம் தன் மதுக்கூடத்திலேயே இருக்கிறான். கதவைத் தட்டும் வாடிக்கையாளரிடம் கடை மூடியாயிற்று என்கிறான். 2004இல் 'ஃப்ரெண்ட்ஸ்' மீறியது, ஆனால் கடைசி சீசனின் 18 எபிசோடுகளில் ஆயத்தம் செய்துகொண்டு மீறியது. ஃபீபியின் கல்யாணம், மோனிகாவும் சாண்ட்லரும் வீடு வாங்குவது, தத்தெடுக்க ஏற்பாடு செய்வது எல்லாவற்றையும் முன்கூட்டியே தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் கடைசி நாளன்று ராஸ், ரேச்சல் காதல் விஷயத்துக்கும் காலியான வீட்டுக்கும் நேரம் இருந்தது. 1990இல் 'நியூஹார்ட்' எல்லாமே கனவு என்று முடிந்தது. கேட்டால் மோசமான யோசனையாகத் தெரியும். ஆனால் அது வந்தது கடைசி சில நிமிடத்தில் மட்டும். பாப் நியூஹார்ட் கண்விழிக்கும் படுக்கையறையும் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியும் 1970களில் அவர் நடித்த முந்தைய தொடரைச் சேர்ந்தவர்கள். அந்தப் படுக்கையறை செட் தெரிந்ததுமே அரங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

இன்னொரு பிரிவினையும் இருக்கிறது, அதை விமர்சகர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. வாரம் ஒன்றாக 9 ஆண்டு பார்த்தவரும் ஓடிடியில் தொடர்ந்து பார்த்து முடித்தவரும் ஒரே தொடரைப் பார்க்கவில்லை. 208 எபிசோடு, தலா 22 நிமிடம் என்றால் மொத்தம் சுமார் 76 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்கு 38 நாளில் முடிந்துவிடும். நீல ஹார்ன் திருடியது அவருக்குப் போன மாதம் நடந்த விஷயம். வட்டம் முழுமையாவது அவருக்கு உடனே தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு ஹார்ன் மங்கிப்போயிருக்கும், அம்மா யார் என்ற கேள்விதான் மனம் முழுக்க நிற்கும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்து, கையோடு அந்தப் பதிலையே பறித்துக்கொண்டால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஆகவே இறுதி எபிசோடு பிடிக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு செய்முறை. முதலில் முதல் எபிசோடை மறுபடியும் பாருங்கள். அடுத்து கடைசி சீசனிலிருந்து, முடிவுக்கு முந்தைய மூன்று எபிசோடுகளைப் பாருங்கள். அதற்குப் பிறகு இறுதி எபிசோடு. பார்க்கும்போது ஒரு தாளில், முக்கியமான ஒவ்வொரு திருப்பத்துக்கும் எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் நடந்த விஷயத்தின் மேலா, அதை அவசரமாகச் சொன்னதன் மேலா என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். முதல் வகை ரசனை சார்ந்தது, அதில் வாதாட ஒன்றும் இல்லை. இரண்டாவது வகை எழுத்தாளர்கள் பதில் சொல்ல வேண்டிய குறை.

உங்கள் பத்திரிகைக்கும் இரண்டு கோரிக்கைகள். விமர்சனத்தை ஒளிபரப்பான மறுநாள் காலையிலேயே போடாமல் ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். அதில் கடைசி சீசன் முழுவதையும் சேர்த்து எடைபோடச் சொல்லுங்கள். யார் இறந்தார், யார் யாரை மணந்தார் என்பதைத் தலைப்பிலோ படத்தின் கீழேயோ போடாமல் உள்ளே எழுதுங்கள். ஓடிடியில் இப்போதுதான் மூன்றாவது சீசனுக்கு வந்திருப்பவர்களும் உங்கள் வாசகர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்